கொட்டகையில் கிடக்கும் ஹெரால்டு: கையைக் கடிக்காமல் ஒரு பழைய காரை மீட்பது பற்றி

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம்)

நம்ம விருதுநகர் மாவட்டத்துல யாரிடமாவது 'ஸ்டாண்டர்டு' என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது சிவகாசிப் பட்டாசு. அதில் தப்பில்லை. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சுந்தரபாண்டியம் பக்கம் அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களில் சிலருக்கு அதே பேரில் இன்னொன்றும் ஞாபகத்துக்கு வரும். இரண்டு பக்கமும் வால் நீட்டிக்கொண்டு, முன்பக்கம் கண்ணை உருட்டிக்கொண்டு போன ஒரு சின்னக் கார். ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இன்றைய பதிவு அந்தக் காரைப் பற்றியது.

ஏன் இப்போது என்று கேட்பீர்கள். இரண்டு காரணம் இருக்கிறது. ஒன்று, இந்தக் கார் தமிழ்நாட்டில் செய்யப்பட்ட கார். அதன் கடைசி வடிவங்கள் உலகத்தில் வேறு எங்கேயும் செய்யப்படவில்லை. இங்கே மிச்சமிருப்பது காயலான் கடைக்குப் போனால் எங்கே தேடினாலும் கிடைக்காது. இரண்டாவது, அந்தக் கார்கள் ஒவ்வொன்றாக ஐம்பது வயதைத் தொட்டுத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. ஐம்பது என்பது சட்டத்தில் ஒரு முக்கியமான எண். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கதை.

போல்ட்டு போட்டு மாட்டிய கார்

இங்கிலாந்தில் கவன்ட்ரி என்ற ஊரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்தது. இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில் அது ட்ரயம்ஃப் கம்பெனியை வாங்கியது. 1950களில் அவர்களுக்கு ஒரு சங்கடம் வந்தது. காரின் கூட்டை, அதாவது பாடியை, அவர்களுக்கு அடித்துக் கொடுத்து வந்தது ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற கம்பெனி. 1953-ல் அந்தக் கம்பெனியைப் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. போட்டிக்காரனுக்கு யார் பாடி அடித்துக் கொடுப்பார்கள்?

அந்தக் காலத்தில் மற்ற கார்க் கம்பெனிகள் எல்லாம் சேஸிஸ் தனி, பாடி தனி என்ற பழைய முறையை விட்டுவிட்டு, இரண்டையும் ஒரே கூடாகச் செய்யும் முறைக்குப் போய்க்கொண்டிருந்தன. அதற்குப் பெரிய அச்சு எந்திரங்கள் வேண்டும். ஸ்டாண்டர்டிடம் அது இல்லை. அதனால் பின்னால் திரும்பினார்கள். தனியாக ஒரு இரும்பு சேஸிஸ். அதன் மேலே துண்டு துண்டாகச் செய்த பாடிப் பகுதிகள். முன்மூக்கு ஒரு துண்டு, நடுப்பகுதி ஒரு துண்டு, பின்பகுதி ஒரு துண்டு, கூரை ஒரு துண்டு. எந்தத் துண்டை எந்தப் பட்டறை செய்தாலும் சரி, கடைசியில் கொண்டுவந்து போல்ட்டு போட்டு முடுக்கினால் கார். இந்தத் துண்டுகளுக்கு அழகான உருவம் வரைந்து கொடுத்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கலோட்டி. 1959-ல் ட்ரயம்ஃப் ஹெரால்டு வெளிவந்தது.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், இன்றைக்கு ஒரு ஹெரால்டைச் சின்ன பட்ஜெட்டில் மீட்க முடிகிறது என்றால் அதன் வேர் இங்கேதான். வசதி இல்லாமல் செய்த ஏற்பாடுதான் பின்னால் வந்தவனுக்கு வசதியாகப் போனது. கூரையைக் கழற்ற ஸ்பேனர் போதும். முன்மூக்கும் இரண்டு மட்கார்டும் சேர்ந்து ஒரே மூடியாக முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். திறந்துவிட்டால் எஞ்சின், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். மெக்கானிக் முன்டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். சுமார் 25 அடி வட்டத்துக்குள் வண்டியைத் திருப்பிவிடலாம். அன்றைய கார்களில் இது பெரிய விஷயம்.

வண்டலூருக்கு எப்படி வந்தது

இனி நம்ம கதை. சுதந்திரத்துக்கு முன்னால் இந்தியாவில் கார் 'செய்வது' என்பது பெரும்பாலும் பெட்டியில் வந்ததைப் பூட்டுவதுதான். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாயில் பூட்டத் தொடங்கியது. ஃபோர்டும் வந்தது. சென்னையில் அடிசன் கம்பெனி மோரிஸ் கார்களைப் பூட்டியது. எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. அதே அசோக் மோட்டார்ஸ்தான் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அதே 1948-ல் சென்னையின் யூனியன் கம்பெனி, கவன்ட்ரி ஸ்டாண்டர்டோடு கூட்டுச் சேர்ந்து ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவைத் தொடங்கியது. தொழிற்சாலை வண்டலூர்–பெருங்களத்தூர் பக்கம். முதலில் வேன்கார்டு, 1950களின் நடுவில் ஸ்டாண்டர்டு 8, 10 என்று வரிசையாக வந்தன.

1953-ல் ஒரு திருப்பம். சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று மத்திய அரசு சொல்லிவிட்டது: இங்கேயே படிப்படியாகப் பாகங்களைச் செய்யத் திட்டம் இருந்தால் இருங்கள், வெறுமனே பூட்டிக்கொண்டிருப்பதானால் கிளம்புங்கள். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பிவிட்டன. கார் செய்வதற்கு மூன்றே பேர் மிஞ்சினார்கள். கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரிமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு. பின்னாளில் அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு என்று நாம் அறிந்த மூன்று பெயர்களும் இந்த ஒரு முடிவில் இருந்து வந்தவைதான்.

ஹெரால்டு இங்கே 1961-ல் வந்தது. இரண்டு கதவு, 948 சிசி எஞ்சின். 1960களின் நடுவில் அதன் பாகங்களில் பெரும்பகுதி உள்நாட்டில் செய்தவை. 'உள்நாட்டில்' என்று பொதுவாகச் சொல்வதை விட, பெரும்பங்கு சென்னையைச் சுற்றி வளர்ந்த உதிரிபாகத் தொழிலை நினைத்துக்கொள்ளுங்கள். செம்பியத்தில் 1949-ல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ். 1959-ல் ரானே எஞ்சின் வால்வ்ஸ். 1961-ல் மின்பாகங்கள் செய்ய லூகாஸ்-டிவிஎஸ். அடுத்த வருடம் பிரேக்ஸ் இந்தியா. திருவொற்றியூரில் பலூன் செய்து கொண்டிருந்த எம்.ஆர்.எஃப். 1960களின் தொடக்கத்தில் டயருக்கு வந்தது. எல்லாரும் ஹெரால்டுக்காக மட்டும் பிறந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. லாரி, பஸ், டிராக்டர் எல்லாவற்றுக்கும் செய்தார்கள். ஆனால் பிஸ்டன், வால்வு, பிரேக், டைனமோ எல்லாம் ஒரு ஊரைச் சுற்றியே செய்யப்பட்டதால், அந்த அளவுகள் தெரிந்த கைகளும் நம் மாநிலம் முழுக்கப் பரவின. மதுரையில் ஒரு லேத் பட்டறைக்காரரிடம் பழைய ரிங்கைக் கொடுத்தால் அவர் முழிக்காததற்குக் காரணம் இந்த வரலாறுதான்.

நான்கு கதவு ஹெரால்டு

இரண்டு கதவு கார் இந்தியக் குடும்பத்துக்குச் சரிப்பட்டு வரவில்லை. பின்சீட்டில் பாட்டியை ஏற்ற முன்சீட்டை மடக்க வேண்டும். புடவை கட்டியவர்கள் ஏறி இறங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். 1968-ல் ஸ்டாண்டர்டு மார்க் 3 என்ற நான்கு கதவு ஹெரால்டைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் ஹெரால்டு 1971 வரை ஓடியது. அங்கே நான்கு கதவு ஹெரால்டு ஒருபோதும் செய்யப்படவில்லை. பின்பக்கம் நீண்ட, ஐந்து கதவு கம்பேனியன் என்ற வண்டியும் இந்தியாவுக்கு மட்டுமே உரியது. 1972-ல் ஹெரால்டின் உருவத்தை மாற்றி கஸல் என்று கொண்டுவந்தார்கள். ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் அமைப்பு நம் மெக்கானிக்குகளுக்குப் பிடிபடவில்லை. கஸலில் அதை எடுத்துவிட்டு, மற்ற கார்களைப் போலக் கட்டியான ஆக்ஸில் போட்டார்கள்.

ஆனால் கம்பெனிக்கு நேரம் சரியில்லை. கார் ஆடம்பரப் பொருள் என்பது அன்றைய அரசின் எண்ணம். எவ்வளவு செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ். 1969-ல் விலையையும் அரசே நிர்ணயித்தது. கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. தீர்ப்பும் வந்தது. 1975-ல்தான் விலைக் கட்டுப்பாடு போனது. கவன்ட்ரியோடு இருந்த தொழில்நுட்ப உறவும் அறுந்து போயிருந்தது. 1977 வாக்கில் கஸல் நின்றது. கொஞ்ச காலம் ஸ்டாண்டர்டு 20 வேன்கள் மட்டும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1985-ல் ஸ்டாண்டர்டு கடைசியாக ஒரு முயற்சி செய்தது. ரோவர் கம்பெனியின் பெரிய காரை வாங்கி, அதில் பழைய வேன்கார்டு வழிவந்த 1991 சிசி எஞ்சினைப் பொருத்தி, ஸ்டாண்டர்டு 2000 என்று விற்றது. பெரிய உடம்பு, களைத்த இதயம். 1988-ல் அதுவும் நின்றது. தொழிற்சாலை மூடியது.

அங்கே வேலை பார்த்தவர்களுக்கு அது வரலாறு இல்லை, வயிற்றுப்பாடு. பெருங்களத்தூர் பக்கம் ரயிலில் போகிறவர்களுக்கு இன்று தெரிவது ஐ.டி. கட்டிடங்களும் அடுக்குமாடிகளும்தான்.

இதில் ஒரு சுவாரஸ்யமான பின்கதை உண்டு. 2006-ல் கம்பெனியின் சொத்துகள் கலைக்கப்பட்டபோது, உள்ளே புத்தம் புதிதாக ரோவர் காரின் உதிரிபாகங்கள் குவிந்து கிடந்தன. அவற்றை இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ் என்ற பழைய கார் உதிரிபாக வியாபாரிகள் மொத்தமாக வாங்கிக்கொண்டு போனார்கள். அங்கே தங்கள் பழைய ரோவரை மீட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது புதையல். நமக்கு இரும்பு, அவர்களுக்குப் பொக்கிஷம். யோசித்துப் பாருங்க, பொருள் ஒன்றுதான். அதன் பேர் தெரிந்தவன் கையில் இருந்தால் உதிரிபாகம், தெரியாதவன் கையில் இருந்தால் எடைக்குப் போடும் இரும்பு.

பஞ்சம் கற்றுக்கொடுத்த ரிப்பேர்

கையில் காசில்லாமல் வண்டியை ஓட்டும் கலை நமக்குப் புதிதில்லை. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் ரேஷன் வந்தபோது பஸ்கள் கரிவாயுவில் ஓடின. பின்னால் ஒரு உருளை அடுப்பு, அதில் மரக்கரி, அதிலிருந்து வரும் வாயு எஞ்சினுக்கு. மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் அந்தக் கரிவாயுக் கருவிகளைச் செய்து விற்றது. 1912-ல் தஞ்சாவூர்–புதுக்கோட்டை பஸ் ஓட்டி ஆரம்பித்த நிறுவனம் அது.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில், இறக்குமதிக் கட்டுப்பாடு காரணமாக மோரிஸ் மைனரும் ஆஸ்டினும் தலைமுறை தலைமுறையாக ஓடின. கியூபாவில் புரட்சிக்குப் பிறகு அமெரிக்கக் கார்கள் வருவது நின்றது. 1950களின் வண்டிகளைக் கைக்குக் கிடைத்த எஞ்சினைப் போட்டு இன்றும் ஓட்டுகிறார்கள். நாமும் அதையே செய்தோம். அம்பாசடரில் டீசல் எஞ்சின் ஏற்றாத பட்டறை உண்டா?

ஆனால் ஓட்டுவதற்காகச் செய்யும் ரிப்பேர் வேறு, மீட்பது வேறு. ஓட்டுவதற்காக நாம் எதையும் மாற்றுவோம். மீட்கிறவன் எதை மாற்றக்கூடாது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். கோயம்புத்தூரில் 2015-ல் திறந்த ஜீ.டி. கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் பளபளவென்று நிற்கும் வண்டிகளைப் பார்த்துவிட்டு, 'அதே மாதிரி ஆக்கிவிடலாம்' என்று கிளம்புகிற ஆள்தான் பாதி வழியில் பணம் தீர்ந்து நிற்பான். கழற்றிப் போட்ட கார், கழற்றாத காரை விட மோசம். சாமான்கள் நாலு சாக்கில் கிடக்கும். ஒரு சாக்கை எலி கடிக்கும், ஒரு சாக்கைத் தவறுதலாக யாராவது எடைக்குப் போடுவார்கள். அதோடு அந்த வண்டியின் கதை முடிந்தது.

சின்னப் பணம், சரியான வரிசை

சரி, வத்திராயிருப்பு ரோட்டில் ஒரு தென்னந்தோப்புக் கொட்டகையில் ஒரு மார்க் 3 ஹெரால்டு கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே வைக்கோல், உள்ளே கோழி. உங்களிடம் மாசம் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கத்தான் காசு. எங்கே ஆரம்பிப்பது?

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எது கிடைக்கும், எது கிடைக்காது என்பது. ஹெரால்டின் எஞ்சின் குடும்பம், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கும் போனது. இங்கிலாந்தில் அதற்குச் சங்கங்கள் இருக்கின்றன, புதிதாகப் பாகம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே ஒரு பிரேக் சிலிண்டரோ கேஸ்கெட்டோ கொஞ்சம் அலைந்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் லேத்தில் செய்துகொள்ளலாம். ஆனால் மார்க் 3-யின் பின்கதவு? அதன் முன்கிரில்? பின்கதவுக் கண்ணாடி? அவை இங்கே மட்டுமே செய்யப்பட்டவை. அவை போனால் போனதுதான். எனவே பணம் குறைவாக இருப்பவனுக்கு முதல் விதி இதுதான்: கிடைக்கக்கூடியதைப் பற்றிக் கவலைப்படாதே; கிடைக்காததை ஒரு துண்டு விடாமல் பத்திரப்படுத்து. எஞ்சின் இறுகிப்போயிருந்தாலும் நான்கு கதவும் நேராக இருக்கிற வண்டி, ஓடும் எஞ்சினும் பின்கதவு இல்லாத கூடும் உள்ள வண்டியை விட மேல்.

இரண்டாவது, சேஸிஸ். ஹெரால்டு முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. வண்டியைத் தாங்கு கொடுத்துத் தூக்கி, அடியில் படுத்து, ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போகணும். நல்ல இரும்பு 'டிங்' என்று சொல்லும். துரு தின்ற இடம் 'டொக்' என்று சொல்லும். பக்கவாட்டுக் கைகளில் ஓட்டை இருந்தால் பயப்பட வேண்டாம், நல்ல தகடு வைத்து வெல்டிங் செய்யலாம். நடுவில் ஓடும் இரண்டு முக்கியக் குழல்களும் பின்னால் இற்றுப்போயிருந்தால் யோசிக்க வேண்டும். வெல்டிங் செய்யும்போது பாடியை முழுக்கக் கழற்றிவிட்டுச் செய்தால், சேஸிஸ் கோணி, பிறகு கதவு ஒன்றும் சாத்தாது. ஆகவே பாடி மாட்டியிருக்கும்போதே, கதவுகளின் இடைவெளியைப் பார்த்துப் பார்த்து, ஒரு பக்கமாக முடிக்கணும்.

மூன்றாவது, எஞ்சின். எத்தனை வருஷம் நின்றது என்று தெரியாத எஞ்சினை உடனே செல்ஃப் போட்டுப் பார்க்கக் கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் டீசலும் எண்ணெயும் கலந்து விட்டு, சில நாள் ஊறவிட வேண்டும். பிறகு கையால், மெதுவாக. அசைந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பழைய ஆயிலையும் ரேடியேட்டர் தண்ணீரையும் மாற்றி, டாங்கைக் கழற்றிக் கழுவி, தனியாக ஒரு பாட்டிலில் புதுப் பெட்ரோல் வைத்துத்தான் முதல் ஸ்டார்ட். அசையவே இல்லை என்றால் கழற்றி போர் போடணும். 948 சிசி எஞ்சின் எளிமையான வார்ப்பிரும்பு எஞ்சின்தான். நல்ல லேத்துக்காரருக்கு அது சவாலே இல்லை. ராஜபாளையத்தில் 1930களில் இருந்து மில்கள் ஓடுகின்றன. மில் எந்திரத்துக்கு ஸ்பேர் கடைந்து பழகிய ஊரில் ஒரு புஷ் கடைய ஆள் இல்லாமல் போகாது.

நான்காவதைக் கவனமாகக் கேளுங்கள், இது உயிர் சம்பந்தப்பட்டது. ஹெரால்டின் முன்சக்கரம் நிற்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனையில் மரை இருக்கும். அந்த மரை ட்ரன்னியன் என்ற வெண்கலத் துண்டுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை உள்ளே சுழல்கிறது. அதற்குக் கெட்டியான கியர் ஆயில்தான் விட வேண்டும். பல இடங்களில் மற்ற முட்டுகளுக்கு அடிப்பது போல இதற்கும் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் காய்ந்து இறுகும், உள்ளே தண்ணீர் சேரும், மரை துருப்பிடித்துத் தேயும். ஒரு நாள் தண்டு ஒடிந்து முன்சக்கரம் அப்படியே மடங்கிவிடும். ஆகவே நின்றுபோன ஹெரால்டில் இந்த இரண்டு தண்டுகளையும் கழற்றிப் பார்க்காமல் ரோட்டில் இறக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் புதிது. பிரேக்கும் அப்படித்தான். சிலிண்டர்களுக்குள் பித்தளை ஸ்லீவ் போடலாம். ரப்பர்கள், குழாய்கள் மொத்தமும் மாற்றணும். டயர் பார்க்க நன்றாக இருந்தாலும் கெட்டிப்போன டயர் டயரே இல்லை.

ஐந்தாவது, எண்ணெய் வழி. 2000-ல் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாயையும் பம்ப்பின் சவ்வையும் எத்தனால் அரிக்கும், தண்ணீரையும் இழுத்து வைத்துக்கொள்ளும். எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றுவதற்கு அதிகம் செலவாகாது. செய்யாவிட்டால் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டும். அடிக்கடி ஓட்டாத வண்டியில் டாங்கை நிரப்பி மாசக்கணக்கில் வைக்கக் கூடாது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் பெயின்ட், குரோம், சீட்டு. பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. முதலில் டிங்கரிங் கடைக்குப் போய், பட்டி தடவி, பளபளவென்று பெயின்ட் அடித்து, போட்டோ எடுத்து, அதன் பிறகு பிரேக்கைப் பற்றி யோசிப்பார்கள். பெயின்ட்டுக்குக் கீழே துரு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். பணம் குறைவென்றால் பழைய பெயின்ட் இருக்கட்டும். துரு உள்ள இடத்தை மட்டும் சுரண்டி, ப்ரைமர் அடித்து நிறுத்தினால் போதும். வெளுத்த பெயின்ட்டில் ஓடும் வண்டிக்கு ஒரு மரியாதை உண்டு. அது அந்த வண்டியின் உண்மையான வயசு.

ஐம்பது என்ற எண்

இப்போது முன்னே சொன்ன சட்டத்துக்கு வருவோம். 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழம்பெரும் வாகனங்களுக்கென்று விதிகளை அறிவித்தது. முதல் பதிவில் இருந்து 50 வருடம் தாண்டிய இரண்டு சக்கர, நான்கு சக்கர வாகனம், தன் அசல் வடிவத்தில் இருந்தால், அதாவது சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யப்படாமல் இருந்தால், அது பழம்பெரும் வாகனம் என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். சான்று 10 வருடம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் தினசரி உபயோகத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக்கூடாது. கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, எண்ணெய் போட, ரிப்பேர் பார்க்க, இவற்றுக்குத்தான்.

கணக்குப் போடுங்கள். கடைசி ஹெரால்டுகள் 1971 வாக்கில். அவை 50-ஐத் தாண்டிவிட்டன. கஸல் 1972 முதல் 1977 வரை. அவை இப்போதுதான் வரிசையாகத் தாண்டுகின்றன. தாண்டாத வண்டிக்குச் சாதாரண வழிதான். 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலில் கட்டணம் 600-ல் இருந்து 5,000 ஆனது. 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025-ல் அது 10,000 ஆனது. கட்டணத்தைப் பார்த்தவுடன் 'எடைக்கே போட்டுவிடலாம்' என்று குடும்பத்தில் ஒருவராவது சொல்வார். ஒரு வண்டியின் தலையெழுத்து அந்தப் பேச்சில்தான் முடிவாகிறது.

ஏழையின் ரிப்பேரும் சட்டத்தின் 'அசல்' என்ற சொல்லும் இந்த விதியில்தான் முட்டிக்கொள்கின்றன. காசில்லாத காலத்தில் ஒருவர் வேறு எஞ்சின் போட்டு ஓட்டியிருப்பார். அவரால்தான் அந்த வண்டி எடைக்குப் போகாமல் பிழைத்தது. ஆனால் அதே காரணத்தால் இன்று அது அசல் இல்லை என்று ஒதுக்கப்படலாம். பணக்காரரின் கராஜில் ஓடாமல் தூங்கிய வண்டிக்குக் கிடைக்கும் மதிப்பு, உழைத்துப் பிழைத்த வண்டிக்குக் கிடைக்காது. இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. ஒரு வழி மட்டும் சொல்லலாம். கழற்றிய அசல் எஞ்சின் எவ்வளவு மோசமாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு மூலையில் எண்ணெய் தடவி வையுங்கள். எஞ்சின் எண் பொறித்த அந்த இரும்புக் கட்டிதான் நாளைக்கு அந்த வண்டியின் பிறப்புச் சான்று.

இறுதியாக

ஹெரால்டு ஒன்றும் மகத்தான கார் இல்லை. அம்பாசடரைப் போல அது முதலமைச்சர்களைச் சுமக்கவில்லை. ஃபியட்டைப் போலப் பம்பாயின் டாக்ஸியாகவும் ஆகவில்லை. ஆனால் சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், பெரும்பாலும் நம்மவர்களின் கைகளால், நம் குடும்பங்களின் உடல்வாகுக்காக இரண்டு கதவைக் கூட்டிச் செய்யப்பட்ட கார் அது. கார்த் தொழிலின் தலைநகரம் என்று இன்று சென்னையைப் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமைக்கு 1990களுக்கு முன்னாலும் ஒரு வரலாறு உண்டு என்பதற்கு இது தொட்டுப் பார்க்கக்கூடிய சாட்சி.

உங்கள் தெருவிலோ உறவுக்காரர் தோட்டத்திலோ இப்படி ஒரு வண்டி கிடந்தால், அதை வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. எல்லாராலும் அது முடியாது. மூன்றே காரியம் செய்யுங்கள். ஒன்று, மேலே ஒரு தார்ப்பாயும் டயருக்கு அடியில் நான்கு செங்கலும். மழைத்தண்ணீரும் மண்ணின் ஈரமும் சேஸிஸைத் தொடாமல் இருக்கட்டும். இரண்டு, ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு பெயருக்கு மாற்ற படிவம் 31 இருக்கிறது. காகிதம் இல்லாத காரை மீட்பது, காரையே மீட்பதை விடக் கஷ்டம். மூன்று, எடைக்குப் போடுவதென்றே முடிவானாலும், அதற்கு முன் சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் குறித்துக்கொண்டு, பழைய கார் ஆர்வலர்கள் யாருக்காவது ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் வண்டியின் பின்கதவு ஒன்றே ஒன்று, வேறு ஊரில் நிற்கும் இன்னொரு ஹெரால்டை ஓட வைக்கலாம்.

உங்கள் வீட்டிலோ ஊரிலோ ஸ்டாண்டர்டு காரோ, வண்டலூர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களோ இருந்தால் அவர்களின் ஞாபகங்களைப் பதிவு செய்து வையுங்கள். காருக்காவது தார்ப்பாய் போதும். ஞாபகத்துக்கு அதுவும் உதவாது. அடுத்த பதிவில் சந்திப்போம்.